மயக்கமும் உடைமையும்: பெயருரிமைச் சட்ட வரலாற்றில் பெங்களூரு தொடர்புடைய இரு பெயர்கள்

2015ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் ஒரு பெயரைக் குறித்துத் தீர்ப்பு வழங்கியது. நடிகர் ரஜினிகாந்தின் இசைவின்றி அவர் பெயரையும் உருவத்தையும் பாணியையும் ஓர் இந்தித் திரைப்படத்தில் பயன்படுத்தலாகாது என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆனால் வழக்கின் தலைப்பில் வாதியின் பெயராக நிற்பது ரஜினிகாந்த் அன்று. சிவாஜி ராவ் கெய்க்வாட். காக்கப்பட்ட பெயர் பெற்றோர் இட்டதன்று. அவரே புனைந்துகொண்டதும் அன்று. இயக்குநர் ஒருவர், தம் நாடகத்தில் வரும் கதைமாந்தர் ஒருவரின் பெயரை எடுத்து அவருக்கு இட்டார். இவ்வாறு இரவலாக வந்த பெயர் எவ்வாறு ஒருவரின் உடைமையாகிறது என்னும் வினா சட்டத்துறையினர்க்கு மட்டும் உரியதன்று. ஒரே பெயரில் பல புலவர், ஒரே புலவர்க்குப் பல பெயர் என்னும் சிக்கலோடு நெடுங்காலமாகப் போராடிவரும் தமிழிலக்கிய வரலாற்றுக்கும் அது உரியது.

பெங்களூருவில் பிறந்த ரஜினிகாந்த், அந்நகரில் ஏறத்தாழ இருபதாண்டுகள் பணியாற்றிய எழுத்தாளர் சுஜாதா ஆகிய இருவரின் பெயர்களையும் மையமாகக் கொண்டு, பெயர் பற்றிய இந்தியச் சட்டச் சிந்தனை 'மயக்கம் தவிர்த்தல்' என்னும் நிலையிலிருந்து 'உடைமை காத்தல்' என்னும் நிலைக்கு நகர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

கிளந்து கூறல்

தொல்காப்பியர் கிளவியாக்கத்தில் பலபொருள் ஒருசொல்லை இரண்டாகப் பகுக்கிறார். வினையால் வேறுபடுவது ஒன்று. வினையால் வேறுபடாதது மற்றொன்று. முன்னது தன்னோடு வரும் வினையாலும் இனத்தாலும் சார்பாலும் தெளிவுபெறும். பின்னது அவ்வாறு தெளியாது. ஆகலின் இன்னதென்று கிளந்து சொல்லப்பட வேண்டும். 'மா' என்னும் சொல் இதற்கு ஏற்ற சான்று. மா பூத்தது என்றால் மரம் என்பது விளங்கும். மா வீழ்ந்தது என்றால் மரமோ விலங்கோ என்னும் ஐயம் எழும். அங்கு மாமரம் என்று கூறியே ஐயம் நீக்க வேண்டும். இவ்விதிகள் பொதுச்சொல் பற்றியவை. ஆயினும் ஓர் இயற்பெயரைப் பலர் தாங்கும்போது அப்பெயரும் பலபொருள் ஒருசொல்லாகவே நிற்கிறது என்பது நோக்கத்தக்கது.

சங்கப் புலவர் பெயர்கள் இதனைத் தெளிவாகக் காட்டுகின்றன. மதுரைக் கணக்காயனார் மகனார் நக்கீரனார் என்னும் பெயரில் ஊரும் தந்தையும் அடையாகின்றன. மதுரைக் கூலவாணிகன் சீத்தலைச் சாத்தனார் என்பதில் ஊர் இருமுறை வருவதோடு தொழிலும் வருகிறது. சாத்தன், நாகன், கண்ணன் என்னும் பெயர்கள் மலிந்த காலத்தில் ஒரு சாத்தனைப் பிறிதொரு சாத்தனிலிருந்து பிரித்தறிய வேறு வழியில்லை. ஒருவன் ஒரு பெயரைத் தாங்கிவிட்டான் என்பதற்காக மற்றவனுக்கு அப்பெயர் மறுக்கப்படவில்லை. அடை ஒன்று கூட்டப்பட்டது. பின்னாளில் பதினோராம் திருமுறையில் நக்கீரதேவ நாயனார், கபிலதேவ நாயனார், பரணதேவ நாயனார் எனப் பெயர்கள் அமைந்தபோதும் இம்முறையே தொடர்ந்தது. சங்க நக்கீரரும் திருமுறை நக்கீரரும் ஒருவரே எனக் கருதியோர் உண்டு. மொழிநடையும் யாப்பும் கொண்டு வேறெனத் தெளிந்தோர் உண்டு. ஔவையார் பலர் என்னும் முடிபும் இவ்வழி வந்ததே. இயற்பெயர் மறைந்த இடத்தில் செம்புலப்பெயனீரார் போலப் பாட்டின் தொடரே புலவர்க்குப் பெயராயிற்று. பெயர் பாட்டை அடையாளம் காட்டுவதற்கு மாறாகப் பாட்டு பெயரை ஈன்ற நிலை இது.

கன்னட மரபு இதனினும் வேறான வழியை மேற்கொண்டது. வசனகாரர் தம் வசனங்களில் தம் பெயரைப் பொறிப்பதில்லை. தாம் வழிபடும் இறைவனின் பெயரையே முத்திரையாக வைப்பர். பசவண்ணரின் வசனங்களைக் கூடலசங்கமதேவன் என்னும் விளியால் அறிகிறோம். அரிதாசர் மரபில் இம்முத்திரை 'அங்கிதம்' எனப்படும். அதனைக் குருவே சீடர்க்கு வழங்குவது வழக்கம். புரந்தரதாசர் பாடல்களைப் 'புரந்தர விட்டல' என்னும் அங்கிதம் இனம்காட்டுகிறது. பிறர் தந்த பெயரால் படைப்பாளி அறியப்படுதல் கருநாடக மண்ணுக்குப் புதிதன்று என்பதற்காகவே இச்செய்தி இங்குச் சுட்டப்படுகிறது.

இரு பெயர்கள்

திருவரங்கத்தில் வளர்ந்த ச. ரங்கராஜன் (1935–2008) பெங்களூருவிலுள்ள பாரத் எலக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியாளராகப் பணியாற்றியவர்; மின்னணு வாக்குப்பதிவு எந்திர உருவாக்கத்தில் பங்கு கொண்டவர். அவர் குமுதம் இதழுக்கு எழுதத் தொடங்கிய காலத்தில் அவ்விதழின் ஆசிரியர் குழுவில் ரா.கி. ரங்கராஜன் என்னும் எழுத்தாளர் முன்பே புகழ்பெற்றிருந்தார். ஒரே இதழில் இரு ரங்கராஜன்கள் எழுதின் வாசகர் மயங்குவர். முதலெழுத்துகள் வேறுபட்டனவே எனலாம். ஆனால் வாசகர் நினைவில் தங்குவது பெயரேயன்றி முதலெழுத்தன்று. ஆகவே தம் மனைவியின் பெயரைப் புனைபெயராகக் கொண்டார். 1968இல் குமுதத்தில் வெளிவந்த 'நைலான் கயிறு' தொடர்கதை அப்பெயரைத் தமிழகமெங்கும் கொண்டுசென்றது.

இதில் ஒரு நயம் உண்டு. எந்த ரங்கராஜனுக்காகப் பெயர் விட்டுக்கொடுக்கப்பட்டதோ அவரும் தம் பெயரில் மட்டும் எழுதியவர் அல்லர். பல புனைபெயர்களில் எழுதிக் குவித்தவர். சுஜாதாவோ கணையாழியின் கடைசிப் பக்கத்தை 'ஸ்ரீரங்கம் எஸ்.ஆர்.' என்னும் பெயரில் எழுதினார். ஊரும் முதலெழுத்தும் சேர்ந்த அப்பெயர் சங்கப் புலவர் பெயரமைப்பின் நேர்வழித்தோன்றல் எனலாம்.

பெங்களூருவில் 1950ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் பிறந்த சிவாஜி ராவ் கெய்க்வாட் அந்நகரப் போக்குவரத்து நிறுவனத்தில் நடத்துநராகப் பணிபுரிந்து, பின் சென்னைத் திரைப்படக் கல்லூரியில் பயின்றவர். கே. பாலசந்தர் அவரைத் தம் 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்தில் அறிமுகப்படுத்தியபோது பெயர் இடையூறாயிற்று. தமிழ்த் திரையில் சிவாஜி என்றால் ஒருவரே. ஆகவே, தம் 'மேஜர் சந்திரகாந்த்' நாடகத்திலும் அதன் திரைவடிவிலும் (1966) இடம்பெற்ற ரஜினிகாந்த் என்னும் கதைமாந்தரின் பெயரை அவருக்கு இட்டார்.

மயக்கம் விளைவிக்கும் என அஞ்சப்பட்ட 'சிவாஜி' என்னும் பெயரும் இயற்பெயர் அன்று. வி.சி. கணேசன், அண்ணாவின் 'சிவாஜி கண்ட இந்து ராஜ்யம்' நாடகத்தில் மராட்டிய மன்னராக நடித்ததனால் பெரியார் அவருக்குச் சூட்டிய சிறப்புப்பெயர் அது. சிவாஜி ராவுக்கோ அது பெற்றோர் இட்ட பெயர். நடிப்பால் பெற்ற பெயருக்காகப் பிறப்பால் பெற்ற பெயர் வழிவிட்டது. சட்டத்தின் கண்கொண்டு நோக்கின் இது வியப்புக்குரியது. ஒருவர் தம் சொந்தப் பெயரை நேர்மையாக வழங்குவதைச் சட்டம் தடுப்பதில்லை. ரங்கராஜனும் சிவாஜி ராவும் தமக்கிருந்த உரிமையைப் பயன்படுத்தாமல், மயக்கம் தவிர்க்கும் பொருட்டுப் பெயர் மாறியவர்கள். எவரும் வழக்குத் தொடுக்கவில்லை; எவரும் தடை கோரவில்லை.

அவ்வாறு கொண்ட புதுப்பெயர்களும் பிறர் வழங்காத பெயர்கள் அல்ல. 'அவள் ஒரு தொடர்கதை' (1974) வழியாக நடிகை சுஜாதா புகழ்பெற்றார். பாடகி சுஜாதாவும் உண்டு. மூவர் பெயரும் ஒரே இதழின் அடுத்தடுத்த பக்கங்களில் வரக்கூடும். எனினும் எழுதினார், நடித்தார், பாடினார் என்னும் வினைகளே அவர்களைப் பிரித்துக்காட்டின. கன்னடத் திரையுலகிலும் இத்தகைய நிகழ்வு ஒன்றுண்டு. முத்துராஜ் என்னும் இயற்பெயர் கொண்ட நடிகர் 'பேடர கண்ணப்ப' (1954) முதல் ராஜ்குமார் ஆனார். அதே காலத்தில் இந்தித் திரையில் வேறொரு ராஜ்குமார் புகழோடு விளங்கினார். மொழியும் களமும் வேறாதலின் எவரும் மயங்கவில்லை. இது சார்பால் தெளிந்தது.

2007இல் ரஜினிகாந்த் நடித்த படம் ஒன்று 'சிவாஜி' என்னும் தலைப்பில் வெளிவந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகட்கு முன் விலக்கிவைத்த இயற்பெயர் கதைத்தலைவன் பெயராகத் திரும்பியது. அத்தலைவன் பின்பகுதியில் எம்.ஜி. ரவிச்சந்திரன் என்னும் பெயரோடு மீள்கிறான். உரையாடல் எழுதியவர் சுஜாதா. பெயர் மாற்றத்தின் பயனையும் சுவையையும் தம் வாழ்விலேயே அறிந்த இருவர் இணைந்த படம் அது.

வணிகக்குறிச் சட்டமும் நந்தினி வழக்கும்

தமிழ் வழக்கில் காப்புரிமை, பதிப்புரிமை, வணிகக்குறி ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மயங்குகின்றன. காப்புரிமை புதுப்புனைவுக்கு உரியது; அதற்கும் பெயருக்கும் தொடர்பில்லை. பதிப்புரிமை படைப்புக்கு உரியது. தனிப்பெயர் ஒன்று படைப்பாகுமா என்னும் வினாவுக்குச் சட்டம் இல்லை என்றே விடை கூறிவருகிறது. மிகுந்த பொருட்செலவில் ஆராய்ந்து ஆக்கப்பட்ட 'எக்ஸான்' என்னும் புதுச்சொல்கூட இலக்கியப் படைப்பாகாது என 1981இல் இங்கிலாந்து மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. இந்திய உச்சநீதிமன்றமும் 2015இல், 'தேசி பாய்ஸ்' என்னும் திரைப்படத் தலைப்புப் பற்றிய வழக்கில், தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை எனத் தெளிவுறுத்தியது.

எஞ்சுவது வணிகக்குறி. 1999ஆம் ஆண்டு வணிகக்குறிச் சட்டம் (2003 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்தது) 'குறி' என்பதன் வரையறையுள் பெயரையும் கையொப்பத்தையும் சேர்க்கிறது. அதன் 14ஆம் பிரிவின்படி, உயிரோடிருப்பவரின் பெயரையோ விண்ணப்பத்துக்கு முந்தைய இருபதாண்டுகளுக்குள் மறைந்தவரின் பெயரையோ தொடர்புபடுத்தும் குறியைப் பதிவுசெய்ய விரும்புவோரிடம் உரியவரின் அல்லது அவர்தம் சட்டப் பிரதிநிதியின் இசைவைப் பதிவாளர் கோரலாம். 35ஆம் பிரிவு ஒருவர் தம் சொந்தப் பெயரை நேர்மையாகப் பயன்படுத்துவதைக் காக்கிறது. இப்பிரிவுகளின் வேர் ஆங்கிலச் சட்டத்தில் உள்ளது. குடும்பப்பெயர் கொண்டு ஆள் அறியும் சமூகத்தில் பிறந்த அவ்விதி, தந்தை பெயரின் முதலெழுத்தும் தனிப்பெயரும் கொண்ட தமிழர் பெயருக்கு முழுதும் பொருந்துவதில்லை. 'சொந்தப் பெயர்' என்பது ரங்கராஜனா, ச. ரங்கராஜனா, ஸ்ரீரங்கம் எஸ்.ஆர். என்பதா என்னும் வினாவைச் சட்டம் எழுப்பியதே இல்லை.

இச்சட்டத்தின் உயிர்நாடி மயக்கம். வாங்குவோர் ஒருவர் பண்டத்தை மற்றொருவர் பண்டமென மயங்குவரா என்பதே உரைகல். பெங்களூருவில் எழுந்து உச்சநீதிமன்றம் வரை சென்ற நந்தினி வழக்கு இதற்குச் சிறந்த சான்று. கர்நாடகக் கூட்டுறவுப் பால் உற்பத்தியாளர் கூட்டமைப்பு 1985 முதல் பாலையும் பால்பொருள்களையும் 'நந்தினி' என்னும் பெயரில் விற்றுவருகிறது. 1989 முதல் 'நந்தினி டீலக்ஸ்' என்னும் உணவகம் அந்நகரில் நடந்துவருகிறது. உணவக நிறுவனம் தன் பெயரை இறைச்சி, மீன், காப்பி, தேயிலை முதலிய பண்டங்களுக்குப் பதிவுசெய்ய விழைந்தபோது கூட்டமைப்பு எதிர்த்தது. பதிவு அலுவலகம் உணவகத்தின் பக்கமும், மேல்முறையீட்டு வாரியமும் கர்நாடக உயர்நீதிமன்றமும் கூட்டமைப்பின் பக்கமும் நின்றன. 2018ஆம் ஆண்டு ஜூலை 26ஆம் நாள் உச்சநீதிமன்றம் உணவகத்துக்குச் சார்பாகத் தீர்த்தது. பால், பால்பொருள்களுக்கு உணவகம் உரிமை கோரவில்லை.

நீதிமன்றம் காட்டிய காரணங்கள் தமிழ் இலக்கண மாணவர்க்குப் பழகியவை. நந்தினி புதிதாகப் புனைந்த சொல் அன்று. தெய்வத்தின் பெயராகவும் புராணப் பசுவின் பெயராகவும் வழங்குவது. ஆகலின் ஒருவர் அதனை முழுதும் தமதாக்கிக்கொள்ள இயலாது. ஒலி ஒற்றுமை உண்டு. எனினும் பண்டங்களின் இனம் வேறு, இலச்சினை வேறு, வணிகச் சூழல் வேறு. இனத்தாலும் சார்பாலும் தெளிதல் என்பதன் சட்டவடிவம் இதுவே. ஆங்கில எழுத்தில் உணவகத்தின் பெயரில் ஓர் எழுத்து மிகுதி. தமிழிலோ கன்னடத்திலோ எழுதினால் அவ்வேறுபாடு மறைந்து இரண்டும் ஒன்றாகிவிடும். இந்திய மொழிகளில் வழங்கும் பெயர்களை உரோம எழுத்துக் கொண்டு ஒப்பிடும் முறையின் குறை இங்கு வெளிப்படுகிறது. தமிழ் வாசகர்க்கு அப்பெயர் பசுவையும் நினைவூட்டாது, உணவகத்தையும் நினைவூட்டாது; 'பொன்னியின் செல்வ'னின் பழுவூர் இளையராணியையே நினைவூட்டும் என்பது வேறு செய்தி.

நக்கீரன் முதல் ரஜினிகாந்த் வரை

வணிகக்குறி வழியன்றிப் பெயரைக் காக்கும் மற்றொரு வழி அந்தரங்க உரிமை வாயிலாகத் திறந்தது. அதனைத் திறந்ததும் ஒரு தமிழ் வழக்கே. மரண தண்டனை பெற்ற ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை வெளியிட நக்கீரன் இதழ் முற்பட்டது. அதனைத் தடுக்க அதிகாரிகள் முயன்றபோது இதழாசிரியர் ஆர். ராஜகோபால் உச்சநீதிமன்றத்தை அணுகினார். 1994ஆம் ஆண்டு அக்டோபர் 7ஆம் நாள் வந்த தீர்ப்பு, வெளியீட்டை முன்கூட்டியே தடுக்க அரசுக்கு அதிகாரமில்லை என்றது. பொது ஆவணங்களில் உள்ளவற்றை எழுத எவர் இசைவும் வேண்டா என்றும் கூறியது. அத்தீர்ப்பினிடையே, ஒருவர் பெயரையோ உருவத்தையோ அவர் இசைவின்றி விளம்பரத்துக்கோ பிறவற்றுக்கோ பயன்படுத்துதல் அந்தரங்க உரிமையை மீறுவதாகும் என்னும் கருத்தும் இடம்பெற்றது. எழுத்துரிமையைக் காக்க எழுந்த தீர்ப்பின் இக்கூற்றே பின்னாளில் பெயருடைமைக்கு அடித்தளமாயிற்று. வழக்கில் தொடர்புற்ற பெயர்களும் நோக்கத்தக்கன. சங்கப் புலவரின் பெயர் தாங்கிய இதழ் ஒன்று. தொழிலை அடையாகப் பெற்ற பெயர் மற்றொன்று.

அடுத்த படி 2012இல் அமைந்தது. ஒசூரில் தொழிற்சாலையும் பெங்களூருவில் தலைமை அலுவலகமும் கொண்ட டைட்டன் நிறுவனம், அமிதாப் பச்சன், ஜெயா பச்சன் ஆகியோர் தன் நகை விளம்பரத்தில் தோன்றிய படத்தைப் பிறிதொரு நகைக்கடை பயன்படுத்தியதை எதிர்த்துத் தில்லி உயர்நீதிமன்றம் சென்றது. புகழாளர்க்குத் தம் அடையாளத்தின்மீது செயற்படுத்தத்தக்க உரிமை உண்டு, அவர் எளிதில் இனங்காணத்தக்கவராக இருத்தல் வேண்டும் என்னும் இரு கூறுகளை நீதிமன்றம் வகுத்தது.

இவற்றின் வழியில் வந்ததே தொடக்கத்தில் சுட்டிய சென்னைத் தீர்ப்பு. 'மைன் ஹூன் ரஜினிகாந்த்' என்னும் இந்திப் படத்தை வர்ஷா புரொடக்சன்ஸ் நிறுவனம் வெளியிட இருந்தபோது 2014இல் வழக்குத் தொடுக்கப்பட்டது. ஆளுமையுரிமை என்பது எந்தச் சட்டத்திலும் வரையறுக்கப்படவில்லை என்பதை நீதியரசர் ஆர். சுப்பையா ஒப்புக்கொண்டார், எனினும் நீதிமன்றங்கள் அதனை ஏற்றுள்ளன என்று கூறி இடைக்காலத் தடையை உறுதிசெய்தார். படம் பின்னர்ப் பெயர் மாறி வெளிவந்தது. தீர்ப்பில் இரு கருத்துகள் முதன்மையானவை. ஆளுமையுரிமை புகழாளர் நிலையை எய்தியவர்க்கே உரியது என்பது ஒன்று. அவர் இனங்காணத்தக்கவராக இருப்பின், மயக்கமோ ஏமாற்றோ நிகழ்ந்ததென மெய்ப்பிக்க வேண்டியதில்லை என்பது மற்றொன்று.

இரண்டாவது கருத்திலேயே வரலாற்றுத் திருப்பம் உள்ளது. 1975இல் மயக்கம் தவிர்க்கவே அப்பெயர் இடப்பட்டது. நாற்பதாண்டுகளுக்குப் பின் அதே பெயரைக் காக்க மயக்கம் தேவையில்லை என்றாயிற்று. பெயர் சுட்டுங்கருவி என்னும் நிலை கடந்து பொருளாகிவிட்டது. கேலி, போற்றி, ஏளனம், உருவகம் எனப் பெயரை எடுத்தாளும் இலக்கிய வழக்குகள் எவையும் மயக்கம் விளைவிப்பன அல்ல. மயக்கம் உரைகல்லாக இருந்தவரை அவை பாதுகாப்பாக நின்றன. அவ்வுரைகல் நீங்கிய பின் அவற்றுக்கு எவ்வகை அரண் உண்டு என்பதைத் தீர்ப்பு விரிவாக ஆராயவில்லை. அவ்வழக்கின் படம் பெயரை மட்டுமன்றி உருவத்தையும் பேச்சுப்பாணியையும் எடுத்தாண்டது என்பதும், அதில் இடம்பெற்ற காட்சிகள் வாதிக்கு இழுக்கு என்று கூறப்பட்டது என்பதும் உண்மையே. ஆகவே கிடைத்த முடிபு பொருந்தாதது என்று கூற இயலாது. காட்டப்பட்ட காரணம் தேவைக்கு மிகுதியாக விரிந்துவிட்டது என்றே கூறத்தகும். 2023 ஜனவரியில் தம் பெயர், குரல், உருவம் ஆகியவற்றை இசைவின்றிப் பயன்படுத்துவோர்மீது நடவடிக்கை எடுக்கப்படும் என ரஜினிகாந்த் தம் வழக்கறிஞர் வழியாகப் பொது அறிவிப்புச் செய்தார். உடைமை என்னும் கருத்து வேரூன்றிவிட்டதை இது காட்டுகிறது.

புகழாளர்க்கே உரியது என்னும் முதற் கருத்து நெடுநாள் நிலைக்கவில்லை எனலாம். கர்நாடக உயர்நீதிமன்ற முன்னாள் நீதிபதியும் பெங்களூருவில் வாழ்ந்தவருமான கே.எஸ். புட்டசாமி தொடுத்த ஆதார் வழக்கில், ஒன்பது நீதிபதிகள் கொண்ட அமர்வு 2017ஆம் ஆண்டு ஆகஸ்டு 24ஆம் நாள் அந்தரங்கத்தை அடிப்படை உரிமையென அறிவித்தது. அதில் நீதியரசர் சஞ்சய் கிஷன் கவுல் தம் தனித்தீர்ப்பில், தம் அடையாளத்தின் வணிகப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் உரிமை ஒவ்வொருவர்க்கும் வேண்டும் என்றார். இவ்வழி நோக்கின் நடத்துநர் சிவாஜி ராவுக்கும் நடிகர் ரஜினிகாந்துக்கும் பெயருரிமையில் வேறுபாடு இல்லை.

உடைமை எனின் அது வழிவழி இறங்க வேண்டும். ஆனால் ஜெயலலிதாவின் வாழ்வைத் தழுவிய திரைப்படம் பற்றிய வழக்கில் 2021 ஏப்ரலில் சென்னை உயர்நீதிமன்றம், ஒருவர் வாழ்நாளில் ஈட்டிய நற்பெயரும் அந்தரங்கமும் அவரோடு மறைவன. சொத்தைப் போல் உறவினர்க்கு இறங்குவன அல்ல என்றது. ஆகவே பெயர் உடைமையாகவும் இருக்கிறது, உடைமையல்லாததாகவும் இருக்கிறது. சுஜாதாவின் பெயரில் இம்முரணைக் கணக்கிட்டுக் காணலாம். அவர் 2008 பிப்ரவரி 27இல் மறைந்தார். மேற்கண்ட தீர்ப்பின்படி ஆளுமையுரிமை அன்றே முடிந்தது. அவர் பெயரை ஒரு பண்டத்துக்குக் குறியாகப் பதிவுசெய்ய முனைவோரிடம் 2028 பிப்ரவரி வரை குடும்பத்தாரின் இசைவு கோரப்படலாம். அப்பெயரில் வெளிவந்த எழுத்துகளின் பதிப்புரிமை 2068ஆம் ஆண்டு இறுதி வரை நீடிக்கும். ஒரே பெயருக்கு மூன்று ஆயுட்காலங்கள்.

புனைபெயரும் பதிப்புரிமைக் காலமும்

பெயருக்குப் பதிப்புரிமை இல்லை எனினும் பெயர் பதிப்புரிமையின் காலத்தை மாற்றவல்லது. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி ஆசிரியரின் மறைவுக்குப் பின் அறுபது ஆண்டுகள் உரிமை நிற்கும். 1992இல் ஐம்பது அறுபதாக நீட்டப்பட்டது. ஆனால் 23ஆம் பிரிவின்படி, பெயரின்றியோ புனைபெயரிலோ வெளிவந்த படைப்புக்கு முதற்பதிப்பு வெளிவந்த ஆண்டிலிருந்தே அறுபது ஆண்டுகள் எண்ணப்படும். அக்காலத்துக்குள் ஆசிரியர் யார் என்பது வெளிப்பட்டால் மட்டுமே மறைவிலிருந்து எண்ணும் முறை பொருந்தும். வெளிப்படுதல் என்பதற்கும் சட்டம் வரையறை தருகிறது: ஆசிரியரும் பதிப்பாளரும் பொதுவில் அறிவித்தல் வேண்டும், அன்றேல் ஆசிரியரே உரிய அமைப்பின் முன் மெய்ப்பித்தல் வேண்டும்.

சுஜாதா, கல்கி போன்ற புகழ்பெற்ற பெயர்களில் சிக்கல் எழாது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதி இதழ்களில் எழுதிய அறியப்படாத பெயர்களிலேயே சிக்கல். புதுமைப்பித்தன் தம் செய்யுள்களை வேளூர்க் கந்தசாமிப் பிள்ளை என்னும் பெயரில் வெளியிட்டார். ஊரும் பெயரும் சாதிப்பட்டமும் சேர்ந்த அப்பெயரைக் காண்பவர் அது புனைபெயர் என்று ஐயுறவே காரணமில்லை. 'புதுமைப்பித்தன்' என்பதன் வடிவமே புனைவைக் காட்டிவிடும். கந்தசாமிப் பிள்ளை காட்டமாட்டார். நூலில் அச்சிடப்பட்ட பெயருக்கு உரியவரே ஆசிரியர் என்று 55ஆம் பிரிவு முற்கோள் கொள்கிறது. அதன்படி, இல்லாத கந்தசாமிப் பிள்ளையையே சட்டம் முதலில் தேடும்.

ஆய்வாளர் ஒருவர் நடையாலும் கடிதச் சான்றாலும் ஒரு புனைபெயர்க்கு உரியவரைக் கண்டறிந்தால், இலக்கிய வரலாறு அதனை ஏற்கும். சட்டவாசகமோ அவ்வாய்வை 'வெளிப்படுத்த'லாகக் கொள்ளவில்லை. அங்கு ஆசிரியரும் பதிப்பாளரும் பேச வேண்டும், அவர்களோ மறைந்துவிட்டனர். 1964இல் புனைபெயரில் அச்சேறி, உரியவர் இன்னாரென வெளிப்படாத படைப்பு 2024 இறுதியோடு பொதுவுடைமையாகியிருக்கும். அதே ஆண்டில் இயற்பெயரில் எழுதி 1990இல் மறைந்தவரின் படைப்புக்கு 2050 வரை இசைவு பெற வேண்டும். பழைய இதழ்களிலிருந்து தொகைநூல் பதிப்பிப்போர் இவ்வேறுபாட்டைக் கருதுவது அரிது. எல்லாவற்றையும் பொதுவுடைமை எனக் கொள்வோரும், எதையும் தொட அஞ்சுவோருமே மிகுதி. புனைபெயர் அகரவரிசைகள் இதுவரை பெயரையும் உரியவரையும் மட்டுமே இணைத்துக் காட்டிவருகின்றன. ஒவ்வொரு புனைபெயரும் எவ்விதழில் எவ்வாண்டு முதலில் அச்சேறியது, உரியவர் தாமே எங்கேனும் அதனை ஒப்புக்கொண்டாரா, பதிப்பாளர் முன்னுரையில் வெளியிட்டாரா என்னும் மூன்று செய்திகளும் அவற்றுடன் சேர்க்கப்படுதல் வேண்டும். குமுதம், கணையாழி முதலிய இதழ்களில் எழுதியோருள் சிலர் இன்றும் வாழ்கின்றனர். அவர்தம் வாய்மொழியைப் பதிவுசெய்தல் இப்போதும் இயலும்.